ஃப்ளீஸ் சூடு தராது: மலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு எளிய விளக்கம்

போன டிசம்பரில் அத்தை குடும்பத்தோடு ஊட்டிக்குக் கிளம்பினார். அதற்காகத் தி.நகரில் வாங்கிய, ஃப்ளீஸ் என்ற புசுபுசுவென்ற துணியில் தைத்த ஜாக்கெட்டைக் கவரிலிருந்து எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அழுத்திப் பார்த்தார். "ஏன்டா, இது சூடாவே இல்லையே. கடைக்காரன் ஏமாத்திட்டானா?" என்றார்.

வீட்டில் எல்லோரும் சிரித்தோம். ஆனால் அத்தை கேட்டதில் தப்பே இல்லை. "நல்லா சூடு குடுக்கும் மேடம்" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். நாமும் அதை நம்பி, இருப்பதிலேயே தடிமனானதை வாங்குகிறோம். மலையடிவாரத்திலேயே மாட்டிக்கொண்டு, ஏறும்போது வியர்த்துக் கொட்டி, உச்சியில் காற்றடித்ததும் நடுங்கி, "என்ன ஃப்ளீஸோ போ" என்று அலுத்துக்கொள்கிறோம். சென்னைக்காரர்கள் இதில் தடுமாறுவது இயல்பு. நமக்கு வருடம் முழுக்கக் குளிர் என்றால் அலுவலக ஏசிதான். மார்கழி விடியற்காலையில் 21 டிகிரி வந்தாலே மங்கி குல்லா வெளியே வந்துவிடும் ஊர் இது.

அத்தைக்கு அன்று சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மீன் பெட்டியும் பிரியாணியும்

காசிமேட்டில் வாங்கிய மீனை வெளியூருக்கு எடுத்துப்போக வேண்டுமென்றால் தெர்மோகோல் பெட்டியில் ஐஸோடு போட்டு டேப் ஒட்டுவோம். அதே பெட்டியைக் கழுவிக் காயவைத்து, சுடச்சுட பிரியாணியை உள்ளே வைத்து மூடினால் அதுவும் சீக்கிரம் ஆறாது. ஐஸ் உருகாமல் இருப்பதும் பிரியாணி ஆறாமல் இருப்பதும் ஒரே பெட்டியில். அப்படியானால் அந்தப் பெட்டி குளிர்ச்சியையும் உண்டாக்கவில்லை, சூட்டையும் உண்டாக்கவில்லை. உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாமலும், வெளியே இருக்கும் சூடு உள்ளே வராமலும் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

எதை வைத்துத் தாமதப்படுத்துகிறது? தெர்மோகோலை நகத்தால் கிள்ளிப் பாருங்கள், எடையே இருக்காது. அதில் 98 சதவீதம் போலக் காற்றுதான். வெப்பத்தைக் கடத்துவதில் காற்று சரியான சோம்பேறி. தண்ணீர் அதைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும். ஆனால் காற்று சோம்பேறியாக இருப்பது அசையாமல் கிடக்கும்வரைதான். ஓட ஆரம்பித்தால் சூட்டை வாரிக்கொண்டு போய்விடும். ஃபேனுக்குக் கீழே வைத்த காபி சட்டென்று ஆறுவது அதனால்தான். தெர்மோகோலின் சாமர்த்தியம், காற்றைக் குட்டிக் குட்டிக் குமிழ்களாக அடைத்து நகரவிடாமல் செய்திருப்பது.

மழை நாள் விடியலில் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கை, இறகையெல்லாம் சிலிர்த்துப் பந்து மாதிரி ஆகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே வித்தைதான். இறகுகளுக்கு நடுவே காற்றைப் பிடித்துவைக்கிறது. இப்படி அசையாத காற்றைக் கொண்டு சூடு தப்பிப்போவதை மெதுவாக்குவதற்கு வெப்பத்தடுப்பு என்று பெயர். ஃப்ளீஸ் செய்வதும் வெப்பத்தடுப்புதான். சூடு வரவேண்டிய இடம் வேறு.

அந்த இடம் உங்கள் உடம்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒரு மனித உடல் சுமார் 100 வாட் சூட்டை வெளிவிடுகிறது. பழைய குண்டு பல்பை நினைத்துக்கொள்ளுங்கள், அதே அளவு. மூட்டையைச் சுமந்துகொண்டு மேடேறும்போது இது பல மடங்காகிறது.

நம்பிக்கை வராதவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே அளவு எவர்சில்வர் டம்ளர் இரண்டில் எண்ணி நாலு நாலு ஐஸ்கட்டி போட்டு, ஒன்றை மட்டும் ஃப்ளீஸால் மேலும் கீழும் நன்றாகச் சுற்றிவையுங்கள். சுற்றிவைத்த ஐஸ்தான் அதிக நேரம் தாங்கும். அத்தைக்கு இதைச் செய்து காட்டியபோது, "அப்போ இது குளிர் சட்டையா?" என்று கேட்டார். ஒரு வகையில் அதுவும் சரிதான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: அடுப்பு நீங்கள், மூடி காற்று, அந்தக் காற்றை ஓடவிடாமல் பிடித்துவைக்கும் கூண்டுதான் ஃப்ளீஸ்.

எது ஃப்ளீஸ், எது ஃப்ளீஸ் மாதிரி

ஆங்கிலத்தில் ஃப்ளீஸ் என்றால் ஆட்டின் உடம்பிலிருந்து கத்தரித்தெடுத்த ரோமம். அதனால் இதைக் கம்பளி என்று நினைப்பவர்கள் நிறைய. இன்று கடையில் தொங்கும் ஃப்ளீஸில் ஆட்டுக்குப் பங்கே கிடையாது. அது பாலியஸ்டர், அதாவது தண்ணீர் பாட்டில் செய்கிற அதே பெட் பிளாஸ்டிக்கை இழையாக இழுத்தது. 1979-ல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரிலிருந்த மால்டன் மில்ஸ் ஆலை கம்பளிக்கு மாற்றாக இதைக் கொண்டுவந்தது. படகோனியா நிறுவனம் அந்த ஆலையோடு சேர்ந்து வேலை செய்து, மலையேறுகிறவர்களிடம் இதைப் பரப்பியது. 1993-லிருந்து பழைய குளிர்பான பாட்டில்களை உருக்கியே ஃப்ளீஸ் செய்யவும் ஆரம்பித்தார்கள்.

செய்முறை சுவாரஸ்யமானது. பாலியஸ்டர் நூலை முதலில் பனியன் துணி மாதிரி வளையம் வளையமாகப் பின்னுகிறார்கள். பிறகு நுண்ணிய கம்பிப் பற்கள் வைத்த உருளைகளால் துணியின் பரப்பைச் சீவுகிறார்கள். தலைமுடியைச் சீப்பால் எதிர்ப்பக்கமாகச் சீவினால் புசுபுசுவென்று எழும்புமே, அப்படி வளையங்கள் கலைந்து இழைகள் எழுந்து நிற்கும். அதை ஒரே உயரத்துக்குக் கத்தரித்துவிட்டால் ஃப்ளீஸ் தயார். எழுந்து நிற்கும் இந்த இழைக்காட்டுக்கு பைல் என்று பெயர். காற்று சிக்குவது இங்கேதான். பைல் நசுங்கிப்போன பழைய ஃப்ளீஸ் அவ்வளவாகக் குளிர் தாங்காததற்கும் காரணம் இதுதான்.

நம்மூரில் ஃப்ளீஸ் என்ற பெயரில் இன்னொன்றும் உலவுகிறது. திருப்பூர்க்காரர்கள் 'த்ரீ திரெட் ஃப்ளீஸ்' என்பார்கள். வெளியே வழவழப்பு, உள்ளே சீவிவிட்ட பஞ்சு. ஹூடிகள் பெரும்பாலும் இதில்தான் வருகின்றன. பருத்தி, இல்லாவிட்டால் பருத்தி கலந்தது. ரயிலின் ஏசி பெட்டிக்கு அருமையான துணி, நானே வைத்திருக்கிறேன். ஆனால் வியர்க்க வியர்க்க மலை ஏற அது ஆகாது. ஏன் என்பதுதான் இந்த விஷயத்திலேயே முக்கியமான இடம்.

மண்பானையை உடுத்திக்கொண்டு நடப்பது

கோடையில் மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் வெளிப்பக்கம் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய சூட்டைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஈரமான பருத்தி பனியனைப் போட்டுக்கொண்டு குளிரில் நிற்பவர் தன் உடம்பையே பானையாக்கிக்கொள்கிறார்.

இது சின்ன விஷயமில்லை. 100 மில்லி, அதாவது அரை டம்ளர் வியர்வை ஆவியாக, உடம்பு ஓய்வில் இருக்கும்போது கிட்டத்தட்ட 40 நிமிடத்தில் உண்டாக்கும் மொத்தச் சூடும் தேவைப்படும். சென்னையில் இது நமக்கு வரம். இந்தக் குளிர்ச்சி இல்லையென்றால் மே மாதத்தில் யாரும் தெருவில் நடக்க முடியாது. மலையுச்சியில் 8 டிகிரியில், காற்றடிக்கும் பாறைமேல் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்கும் நேரத்தில் அதே வரம் சாபமாகிறது.

பருத்தி இழை தண்ணீரைத் தனக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். 100 கிராம் பருத்தி சாதாரண நாளிலேயே ஏழெட்டு கிராம் ஈரத்தை இழைக்குள் வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வைத்திருக்காது. வியர்வை அதன் இழைகளுக்கு நடுவே தங்கலாமே தவிர உள்ளே ஊறாது. அதனால் சீக்கிரம் வெளிப்பக்கம் நகர்ந்து காய்ந்துவிடும். இப்படி ஈரத்தைத் தோலிலிருந்து வெளிப்புறத்துக்கு நகர்த்தும் குணத்தை விக்கிங் என்கிறார்கள். எண்ணெய் விளக்கில் திரி எண்ணெயை மேலே இழுக்கிறதே, அதே சங்கதி.

இங்கே ஒரு மிகைப்படுத்தலையும் தட்டிவைக்க வேண்டும். "நனைந்தாலும் ஃப்ளீஸ் கதகதப்பு" என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. நனைந்த ஃப்ளீஸில் காற்று இருக்கவேண்டிய இடத்தில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்தும் என்று முன்பே பார்த்தோம். நன்றாகப் பிழிந்து உதறினால் பெரும்பாலான தண்ணீர் போய்விடும், பருத்தியைவிட வெகு சீக்கிரம் காயும், அதுதான் அதன் பெருமை. மழைக்கு ஃப்ளீஸ் எந்த விதத்திலும் குடை ஆகாது.

ஆக, ஃப்ளீஸுக்கு உள்ளே பருத்தி பனியன் போட்டால் கதை கெட்டது. தோலைத் தொடும் துணியும் பாலியஸ்டர் டீ-ஷர்ட்டாகவோ மெல்லிய கம்பளியாகவோ இருக்க வேண்டும். கிரிக்கெட் ஆடப் போடும் ஜெர்ஸிகூடப் போதும்.

எவ்வளவு தடிமன்?

ஜெராக்ஸ் பேப்பர் கட்டின்மேல் 75 ஜிஎஸ்எம் என்று போட்டிருக்கும். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். ஃப்ளீஸுக்கும் அதே கணக்கு. 100 பக்கத்தில் இருந்தால் மெல்லியது, 200 நடுத்தரம், 300 தடித்தது.

எது வேண்டும் என்பதற்கு ஒரு மனக்கணக்கு இருக்கிறது. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஜனவரி இரவில் சென்னை 21 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர், ஏழு டிகிரி கழித்தால் 14. ஏற்காடு 1,500 மீட்டர், 11 டிகிரி. ஊட்டி 2,240 மீட்டர், ஆறேழு டிகிரி வருகிறது. ஊட்டியின் ஜனவரி இரவு அநேகமாக அப்படித்தான் இருக்கும். தலைகுந்தா போன்ற திறந்த வெளிகளில் அதற்கும் கீழே இறங்கி, விடியும்போது புல்லெல்லாம் உறைபனியாக வெளுத்துக் கிடக்கும்.

ஏலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் 100 தாராளம். ஊட்டி, கொடைக்கானல், மூணாறுக்கு 200. என்னைக் கேட்டால் தென்னிந்தியாவில் இருப்பவர் 300-ஐ வாங்கவே வேண்டாம். நடந்தால் வேகும், பையில் பாதி இடத்தை அடைக்கும், திரும்பி வந்தபின் பீரோவில் தலையணை மாதிரி உட்கார்ந்திருக்கும். 100-ம் 200-ம் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் அதே பலன், தேவைப்படாதபோது ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம். உத்தராகண்ட், இமாச்சல் பக்கம் பனிமலைக்குப் போகிறவர்களுக்கும் ஃப்ளீஸ் நடு அடுக்குதான். மேலே இறகு ஜாக்கெட்டும் காற்றுத் தடுப்பும் வேறு வேண்டும்.

காற்று வந்தால் சல்லடை

கொழுக்குமலைக்குச் சூரிய உதயம் பார்க்கச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் போவார்கள். விடிவதற்கு வெகு முன்னால், இருட்டில், எலும்பை எண்ணிவிடும் பாதை. முதல் தடவை போனபோது நான் 200 ஜிஎஸ்எம் ஃப்ளீஸைப் போட்டுக்கொண்டு தெம்பாகப் பின்சீட்டில் ஏறினேன். வண்டி நின்றிருந்தவரை சுகமாக இருந்தது. கிளம்பிய ஐந்தாவது நிமிடம், சட்டையே போடாமல் உட்கார்ந்திருப்பதுபோல ஆகிவிட்டது. எதிரே ஒரு பெரியவர், சாதாரணச் சட்டைக்கு மேல் பைக்குக்குப் போடும் ரெக்ஸின் ஜெர்கின் மாட்டியிருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, அது நல்லாத்தான் இருக்கு, ஆனா ஓட்டை" என்றார்.

ஓட்டைதான். பின்னல் துணி என்பதால் ஃப்ளீஸுக்குள் காற்று தாராளமாகப் புகும். சிறைப்பட்டிருந்த வெதுவெதுப்பான காற்றை அடித்துத் துரத்திவிட்டு அந்த இடத்தில் குளிர்ந்த காற்று உட்காரும். இதற்காகத் துணியின் நடுவே மெல்லிய படலம் வைத்த காற்றுத்தடுப்பு ஃப்ளீஸும் விற்கிறார்கள். ஆனால் அது விறைப்பாக இருக்கும், வியர்வை வெளியேறுவதும் குறையும், விலையும் அதிகம். அதைவிட, ஃப்ளீஸுக்கு மேல் ஒரு மெல்லிய ரெயின்கோட்டையோ விண்ட்சீட்டரையோ மாட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். எடை குறைவு, மழைக்கும் ஆகும்.

இப்படி ஒவ்வொரு வேலைக்கு ஒவ்வொரு துணி என்று மேலுக்கு மேல் போடுவதை லேயரிங், அதாவது அடுக்கு முறை என்கிறார்கள். உள்ளடுக்கு வியர்வையை நகர்த்தும், நடுவே ஃப்ளீஸ் காற்றைப் பிடித்துவைக்கும், வெளியடுக்கு காற்றையும் மழையையும் தடுக்கும். மூன்றில் ஒன்றிடம் மற்றொன்றின் வேலையைக் கேட்கும்போதுதான் "ஏமாத்திட்டான்" என்ற பேச்சு வருகிறது.

கடையில்

பாண்டி பஜார் கடையின் ட்ரையல் ரூமில் ஃப்ளீஸைப் போட்டுப் பார்த்தால் எதுவுமே தாங்காது. அந்த வேக்காட்டை வைத்து "அம்மாடி, நல்ல சூடு" என்று முடிவு கட்டாதீர்கள். பொருத்தத்தை மட்டும் பாருங்கள். உள்ளே டீ-ஷர்ட் போட்டிருக்கும்போது ஒட்டினாற்போல், ஆனால் இறுக்காமல் இருக்க வேண்டும். "தொளதொளன்னு இருந்தா அடுத்த வருஷமும் ஆகும்" என்று பிள்ளைகளுக்குப் பெரிய சைஸ் வாங்குவது நம் வழக்கம். ஃப்ளீஸில் அது எடுபடாது. கையை வீசும்போதெல்லாம் துருத்தி மாதிரி உள்ளிருக்கும் வெதுவெதுப்பு கழுத்து வழியாகவும் இடுப்பு வழியாகவும் வெளியேறிவிடும்.

முதலில் உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் புரட்டுங்கள். பாலியஸ்டர் 100 சதவீதம் என்று இருந்தால் சரி. காட்டன் என்ற வார்த்தை இருந்தால் அது ஏசிக்கான ஹூடி. ஜிஎஸ்எம் பல கடைகளில் போட்டிருக்காது. துணியை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். அடியில் இருக்கும் பின்னல் கண்ணி கண்ணியாகத் தெரிந்து வெளிச்சம் கொட்டினால் பைல் அடர்த்தி போதாது. வாயில் வைத்து ஊதியும் பார்க்கலாம். மறுபக்கம் வைத்த கையில் காற்று பட்டால் சாதாரண ஃப்ளீஸ், படாவிட்டால் உள்ளே படலம் இருக்கிறது. கடைப்பையன் ஒரு மாதிரிப் பார்ப்பான், பரவாயில்லை.

உள்ளங்கையால் ஒரே இடத்தை நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். அதற்குள்ளேயே குட்டிக் குட்டி உருண்டைகள் திரண்டால் விட்டுவிடுங்கள். இதைப் பில்லிங் என்பார்கள். நல்ல ஃப்ளீஸிலும் சில வருடத்தில் வரும், முதல் நாளே வரக்கூடாது. ஜிப் முழு நீளத்துக்கு இருப்பது எனக்குப் பிடிக்கும், போடக் கழற்ற லேசு. உள்பக்கம் கட்டம் கட்டமாக மேடுபள்ளம் வைத்த ரகம் கிடைத்தால் நடைபயணத்துக்கு இன்னும் நல்லது. பள்ளங்கள் வழியே வியர்வை போகும், மேடுகள் காற்றைப் பிடிக்கும்.

போடும் நேரம், கழற்றும் நேரம்

பலரும் தலைகீழாகச் செய்வது இதைத்தான். கிளம்பும்போது குளிர்கிறது என்று போட்டுக்கொண்டு ஏற ஆரம்பிக்கிறார்கள். பத்து நிமிடத்தில் உடம்பு அடுப்பாகிறது. கழற்றச் சோம்பல். உச்சியை அடையும்போது உள்ளே தொப்பல். அங்கே பலமாக அடிக்கும் காற்றில் வேர்த்த சட்டையோடு நிற்கிறார்கள். அப்புறம் நடக்கவேண்டியது மண்பானைக் கதைதான்.

கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். அதுதான் சரியான அளவு. நடக்க நடக்கச் சரியாகிவிடும். ஃப்ளீஸ் பையின் மேற்பகுதியில், கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். நின்ற உடனே, நடுக்கம் வருவதற்கு முன்பே, எடுத்து மாட்டுங்கள். நடுங்கியபின் போட்டால் பிடித்துவைக்கச் சூடு குறைவாகத்தான் இருக்கும். மூடிவைக்கிறோம் சரி, ஆறிய பிரியாணியை மூடி என்ன பயன்?

கேம்ப் ஃபயருக்கு மட்டும் ஃப்ளீஸோடு நெருங்கி உட்காராதீர்கள். ஒரு பொறி விழுந்தால் பருத்தியைப்போல் கருகாது, உருகி ஓட்டையாகும். உருகிய பிளாஸ்டிக் தோலில் ஒட்டினால் காயம் மோசமாக இருக்கும்.

துவைப்பதும் இஸ்திரியும்

உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில், கொஞ்சம் சோப்பில் துவைத்தால் போதும். வாசனைக்காக ஊற்றும் கம்ஃபோர்ட் வகையறா வேண்டாம். அது இழைமேல் ஒரு பூச்சாகப் படிந்து வியர்வை நகர்வதைக் கெடுக்கும். ஒவ்வொரு சலவையிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைத்துணுக்குகள் தண்ணீரோடு போகின்றன என்பதால், ஒரு தடவை போட்டதற்கெல்லாம் மெஷினில் தள்ளாமல் நிழலில் காற்றாட விட்டாலே போதும். ஆனால் பீரோவுக்குள் வைக்கும்போது துவைத்து நன்றாகக் காயவைத்துத்தான் வைக்க வேண்டும். நம் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வியர்வைக் கறையோடு மடித்துவைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். அந்துருண்டைக்கு அவசியமில்லை, பூச்சி தேடி வருவது கம்பளியைத்தான்.

இஸ்திரி கூடவே கூடாது. இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். என் முதல் ஃப்ளீஸ், சட்டை மூட்டையோடு மூட்டையாகத் தெருமுனை இஸ்திரி வண்டிக்குப் போய்விட்டது. கரிப்பெட்டி ஒரே இழுப்பு. பாலியஸ்டர் 250 டிகிரிக்குமேல்தான் உருகும், ஆனால் அதற்கு வெகு முன்பே இளகிப் படிந்துவிடும். முதுகில் பெட்டியின் முனை அச்சு அப்படியே, பாம்புத்தோல் மாதிரிப் பளபளத்துக்கொண்டு வந்தது. அந்த இடத்தில் மட்டும் பைல் சப்பை. ஊட்டியில் அந்தத் திட்டு வழியே குளிர் ஏறுவதாக எனக்கு ஒரு பிரமை.

இஸ்திரி வண்டி அண்ணன் பாவம், பெட்டியின் அடியைச் சுரண்டிக்கொண்டே, "சார், இது துணியா பிளாஸ்டிக்கா, சொல்லிக் குடுக்க வேணாமா?" என்றார். இப்போதெல்லாம் மூட்டையை வாங்கும்போதே கையை உள்ளே விட்டுத் துழாவி, "பிளாஸ்டிக்கு எதுவும் இல்லையே சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் எண்ண ஆரம்பிக்கிறார்.